89 வயது ஆச்சிக்கு உடற்பயிற்சி எதற்கு?

கேள்வி: எங்கள் ஆச்சிக்கு 89 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடப்பார். ஆனால் நாற்காலியை விட்டு எழ யாராவது கை கொடுக்க வேண்டும். தினமும் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார் டாக்டர். "இத்தனை வருஷம் உழைச்ச உடம்பு, இனியாவது ஓய்வா இருக்கட்டும்" என்கிறார் அப்பா. இந்த வயதில் உடற்பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா? எதில் ஆரம்பிப்பது?

பதில்:

பலன் உண்டு. ஐம்பது வயதுக்காரருக்குக் கிடைப்பதைவிட உங்கள் ஆச்சிக்குக் கிடைக்கும் பலன் பெரியது என்றே சொல்வேன். ஐம்பதில் இருப்பவர் உடற்பயிற்சி செய்தால் எப்போதோ வரக்கூடிய நோய் தள்ளிப்போகும். 89-இல் இருப்பவர் செய்தால், இரவில் யாரையும் எழுப்பாமல் தானே எழுந்து பாத்ரூம் போய் வர முடியும். அதுவும் இரண்டு மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும்.

இருபது வருடமாக வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு பிசியோதெரபி செய்து வருகிறேன். உங்கள் கேள்வியில் என் கண் நின்ற இடம், "நாற்காலியை விட்டு எழ யாராவது கை கொடுக்க வேண்டும்" என்ற வரி. சர்க்கரை, பிரஷர் இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். தானாக எழ முடியாதவர் தாகம் எடுத்தாலும் யாராவது வரட்டும் என்று காத்திருப்பார். அடிக்கடி எழ வேண்டாமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வார். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல். பிறகு ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் அவசரமாக எழப்போய் விழுவார். நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் கதை இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஆகவே ஆச்சிக்கான உடற்பயிற்சி எழுந்து நிற்பதில் ஆரம்பிக்க வேண்டும். வாக்கிங் அப்புறம்.

உங்கள் அப்பா சொல்வதில் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. காலமெல்லாம் தண்ணீர் இறைத்து, மாவாட்டி, குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்த உடம்பு என்ற எண்ணம் அது. ஆனால் தசை பழைய உழைப்பைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. இந்த வாரம் எவ்வளவு வேலை கொடுத்தீர்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு. 2007-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சராசரியாக 67 வயதுள்ள, நோயில்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தே நாளில் அவர்களின் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. நல்ல உடம்போடு இருந்தவர்களுக்கே அப்படி. உங்கள் ஆச்சியிடம் இருக்கும் தசையே குறைவு. அதில் ஒரு பங்கை "ஓய்வு" என்று கொடுத்துவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு எழ முடியாது.

சரி, வலு போய்விட்டது. 89 வயதில் அது திரும்புமா? நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேரடியான விடை 1990-இல் கிடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பத்துப் பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் 90 வயதை ஒட்டியவர்கள், தளர்ந்தவர்கள், இல்லத்தில் மற்றவர் கவனிப்பில் இருந்தவர்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி என்றால் உட்கார்ந்தபடி கையை ஆட்டுவது, காலை ஆட்டுவது, அவ்வளவுதான். ஃபியாடரோன் குழு செய்தது வேறு. ஒவ்வொருவராலும் காலால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடை எவ்வளவு என்று பார்த்து, படிப்படியாக ஏற்றி, அதில் 80 சதவீத எடையை வாரம் மூன்று நாள் தூக்க வைத்தார்கள். வாலிபர்கள் ஜிம்மில் செய்கிற அளவு அது. எட்டு வாரம் நடந்தது. ஒன்பது பேர் முழுதாக முடித்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. முன்பு இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தொடைச் சதையின் பரப்பும் 9 சதவீதம் வளர்ந்திருந்தது. இரண்டு பேர் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடந்தார்கள்.

அந்தச் சோதனையின் இன்னொரு பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுவும் முக்கியம். பயிற்சியை நிறுத்தினார்கள். நாலே வாரத்தில் வலுவில் 32 சதவீதம் இறங்கிவிட்டது. அதனால்தான் நான் போகிற வீடுகளில் "பத்து சிட்டிங் முடிந்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்கும்போது, பல் தேய்ப்பது மாதிரி தினமும் இருக்க வேண்டியது இது என்று பதில் சொல்கிறேன்.

வலு 174 சதவீதம் கூடியபோது சதை ஏன் 9 சதவீதம்தான் வளர்ந்தது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றலாம். நல்ல கேள்வி. தசைக்குக் கட்டளை போவது நரம்பு வழியாக. வருடக்கணக்கில் பயன்படுத்தாத தொடையில் பல நார்களை நரம்பு கூப்பிடுவதையே விட்டிருக்கும். பயிற்சி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் நடப்பது, தூங்கிக்கொண்டிருந்த அந்த நார்களை நரம்பு மறுபடி வேலைக்கு அழைப்பது. அதனால்தான் மூன்றாவது வாரத்திலேயே "இப்ப எழ கொஞ்சம் லேசா இருக்கு" என்கிறார்கள், தொடையைப் பார்த்தால் அதே மெலிந்த தொடைதான். சதை போடுவது பிறகு மெதுவாக நடக்கும்.

தசையில் இருவகை நார்கள் உண்டு. மெதுவாக, நீண்ட நேரம் உழைப்பவை ஒரு வகை. சட்டென்று வெடுக்கென இழுப்பவை இன்னொரு வகை. வயதாக ஆக அதிகம் தேய்வது இரண்டாவது வகை. வாசற்படியில் கால் தட்டும்போது அடுத்த காலை முன்னால் வைத்து உடம்பைத் தாங்கிப் பிடிப்பது இந்த வேக நார்கள்தான். மெதுவாக நடப்பதில் அவற்றுக்கு வேலையே கிடையாது. வீட்டுக்குள் நடக்கிறாரே, அது போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே தளர்ந்த ஒருவருக்கு நடை மட்டும் போதாது. வலுவும் சமநிலையும் இல்லாதவரை அதிக தூரம் நடக்க வைப்பது விழும் வாய்ப்பையும் கூட்டும்.

விழுவதைப் பற்றி நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஓர் அருமையான வேலை நடந்திருக்கிறது. ஒட்டாகோ திட்டம் என்று எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். 80 வயதுக்கு மேற்பட்ட, வீட்டில் வசிக்கும் 233 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டு மாதத்தில் நான்கு தடவை போய், கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மீதியை அவர்களே வீட்டில் செய்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருடத்தில் பயிற்சி இல்லாதவர்கள் 152 தடவை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் 88 தடவை. 1997-இல் வெளிவந்த முடிவு இது. அங்கே பெரிய மெஷின் எதுவும் கிடையாது. கணுக்காலில் கட்டும் எடைப்பையும், பிடித்துக்கொள்ள மேஜையும்தான். நம் வீட்டில் சமையல் மேடை இருக்கிறது, அது போதும்.

80 தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன், படுக்கை, சளி, புண் என்று தொடர்கிறது. அப்படி முறிந்தவர்களில் நாலில் ஒருவரை ஒரு வருடத்துக்குள் இழக்கிறோம். ஒரு தடவை விழாமல் காப்பாற்றினால் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதை வைத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில், திடீர் நோயால் சேர்க்கப்பட்ட 370 முதியவர்களைப் பார்த்தார்கள். சராசரி வயது 87. ஒரு பிரிவினருக்குக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் வலு, சமநிலை, நடைப் பயிற்சி, ஐந்து முதல் ஏழு நாள் வரை. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது போன்றவற்றைத் தானே செய்யும் திறனுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் வீடு திரும்பும்போது அதில் 5 மதிப்பெண் இழந்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஏறக்குறைய 2 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றுப் போனார்கள். பயிற்சியால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. நம் ஊரில் "நிமோனியா சரியாயிடுச்சு, ஆனா போகும்போது நடந்து போனவங்களைத் தூக்கிட்டு வந்தோம்" என்று சொல்லாத குடும்பம் குறைவு. நோய் குணமான பிறகும் நடை திரும்பாமல் போவதற்கு அந்தக் கட்டில்தான் பெரிய காரணம்.

மற்றப் பலன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசை. அது வேலை செய்தால் ஆச்சியின் சர்க்கரை கட்டுக்குள் நிற்பது எளிது. கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போது காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாலையில் பாதம் வீங்குவது இதனால் குறையும். மலச்சிக்கலுக்கும் இரவுத் தூக்கத்துக்கும் நல்லது. மனச்சோர்வு குறைவதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

ஞாபகசக்தி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். உடற்பயிற்சி செய்தால் மறதி நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை வைத்து இரண்டரை வருடத்துக்கும் மேல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நடையும் வலுப் பயிற்சியும் செய்த பிரிவில், 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் 30 சதவீதம். உடல்நல வகுப்பு மட்டும் கேட்ட பிரிவில் 35.5 சதவீதம். நடைக்குத் தெளிவான பலன் கிடைத்தது. மூளைத் திறனில் மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 80 வயது தாண்டியவர்களையும், ஆரம்பத்திலேயே தளர்ந்திருந்தவர்களையும் தனியே எடுத்துப் பார்த்தபோது, திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல் போன்ற திறன்களில் பயிற்சி செய்தவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். உங்கள் ஆச்சி அந்தக் கூட்டத்தில் வருபவர். அந்த அளவுக்கு நம்பிக்கை வைக்கலாம்.

வயதானவர்களின் உடற்பயிற்சி என்றாலே கோயம்புத்தூர் நானம்மாளைச் சொல்வார்கள். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கி, 2019-இல் 99 வயதில் இறக்கும் வரை யோகாவை விடாதவர். நான் வணங்கும் மனுஷி. ஆனால் சிறு வயதிலிருந்தே செய்து வந்தவர். 89-இல் முதன்முதலாகத் தொடங்கப்போகும் ஆச்சிக்கு நான் சண்டிகரின் மான் கௌரைத்தான் சொல்வேன். 93 வயதில் ஓட ஆரம்பித்தார். 2017-இல் ஆக்லாந்தில் நடந்த மூத்தோர் விளையாட்டில் 101 வயதில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். பிரான்சில் ராபர்ட் மார்ஷான் என்று ஒருவர். அவருடைய 101-வது வயதுக்கும் 103-க்கும் இடையில், பயிற்சிக்குப் பிறகு, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13 சதவீதம் கூடியிருந்ததை அளந்தே பார்த்தார்கள். 102 வயதில் ஒரு மணி நேரத்தில் 26.9 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். ஆச்சி ஓட வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். நூறு தாண்டிய உடம்பும் பயிற்சிக்கு இசைந்து கொடுக்கும் என்பதற்காக இவர்களைச் சொன்னேன்.

இனி எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு வருவோம்.

முதலில் நாற்காலியைப் பாருங்கள். நம் வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வானது, லேசானது, எழும்போது பின்னால் நகரும். ஈசிசேர் இன்னும் மோசம். கைப்பிடி உள்ள, கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஆச்சி உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் கெட்டியான பஞ்சு மெத்தைத் துண்டையோ நன்றாக மடித்த ஜமுக்காளத்தையோ போட்டு உயர்த்துங்கள். கட்டிலுக்கும் இதே கணக்கு. சேலை தரையில் புரளாமல் கொஞ்சம் தூக்கிச் செருகிவிடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பக்கம் வார் உள்ள செருப்பு போதும்.

இப்போது எழும் விதம். 91 வயதுப் பாட்டி ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொடுத்த முதல் நாளை நான் மறக்கவில்லை. மகனும் மருமகளும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். அப்படித் தூக்கித் தூக்கி அவருக்கு எழும் முறையே மறந்து போயிருந்தது. பாதம் முன்னால் நீட்டியிருக்கும், முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கும், "தூக்குங்க" என்று இரண்டு கையையும் மேலே நீட்டுவார். நான் அவர் எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். "பாட்டி, முதல்ல முன்னால நகர்ந்து நாற்காலி விளிம்புக்கு வாங்க" என்றேன். இடம் வலமாக இடுப்பை அசைத்து அசைத்து வந்தார். இரண்டு பாதத்தையும் முட்டிக்கும் பின்னால் இழுக்கச் சொன்னேன். கைகள் நாற்காலிக் கைப்பிடியில். "இப்ப கீழ விழுந்த தோடைத் தேடுற மாதிரி முன்னால குனிங்க. மூக்கு கட்டைவிரலுக்கு நேரா வரணும்." குனிந்தார். பயத்தில் பாதியில் நின்றார். நான் என் இரண்டு கைகளையும் அவர் தோளுக்கு முன்னால் தடுப்பு மாதிரி வைத்துக்கொண்டேன், தொடவில்லை. மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம் குனிந்தபோது இடுப்பு தானாக நாற்காலியை விட்டுக் கிளம்பியது. தொடை நடுங்கியது. கையை ஊன்றி நிமிர்ந்துவிட்டார். மருமகள் ஓடிவந்து பிடிக்கப் போனார். "விடும்மா, நான் நிக்கிறேன்" என்றார் பாட்டி.

தலையும் மாரும் முன்னால் வந்து உடல் எடை பாதத்தின் மேல் விழுந்தால்தான் இடுப்பு எழும். நிமிர்ந்து உட்கார்ந்தபடி யாராலும் எழ முடியாது, நீங்களே முயன்று பாருங்கள்.

எழுந்ததும் இரண்டு நொடி நிற்கட்டும். பிறகு உட்காருவது இன்னும் முக்கியம். தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்க வேண்டும். தசைக்கு நல்ல வேலை கிடைப்பது அந்த இறக்கத்தில்தான். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னால் மூச்சு தானாக விட்டுவிடுவார். முதல் வாரம் மூன்று தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி மூன்று. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. அது எளிதானதும் ஐந்து, பிறகு எட்டு. எட்டு சுலபமாகிவிட்டால் நாற்காலியின் மேல் போட்ட ஜமுக்காளத்தை எடுத்துவிடுங்கள், உயரம் குறையும், வேலை கூடும். அடுத்து இரண்டு கைக்குப் பதில் ஒரு கை. பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு. இந்தப் படிப்படியான ஏற்றம்தான் பயிற்சியின் உயிர். வருடம் முழுக்க அதே மூன்று தடவை செய்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு பெரிதாகப் பலன் வராது. கடைசி இரண்டு தடவை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். ஆனால் பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும்.

இரண்டாவதாக, சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பத்துத் தடவை. அடுத்து, அதே மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை, குதிகாலும் கட்டைவிரலும் தொடும்படி வைத்துப் பத்து நொடி நிற்பது. இது சமநிலைக்கு. முடிந்தால் பிடியை ஒரு கையாக, பிறகு ஒரு விரலாகக் குறைக்கலாம். நீங்கள் ஒரு பக்கம் பின்னால், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி வேண்டும் என்கிறது. வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உடலுழைப்பு என்றும் அதில் உண்டு. அதைக் கண்டு மலைக்க வேண்டாம், முடிந்த அளவு செய்யுங்கள் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆச்சிக்கு இப்போதைக்கு ஐந்து நிமிட நடை மூன்று வேளை போதும்.

காலையில் படுக்கையிலிருந்து நேராக எழுந்து நிற்க விடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டிவிட்டு எழட்டும். படுத்திருக்கும்போது எடுத்த மேல் அளவு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20-க்கு மேல் இறங்குகிறதா என்று ஒரு நாள் அளந்து டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை மாற்றித் தருவார். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் பயிற்சி கூடாது. காலைப் பலகாரம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது.

நெஞ்சில் அழுத்தம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், புதிதாக வந்த தலைசுற்றல், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். இதய வால்வு சுருக்கம் இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலி மட்டும் தடையாகாது. பயிற்சிக்குப் பிறகு லேசாக வலித்து மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் நாற்காலியை இன்னும் உயர்த்துங்கள்.

சாப்பாடு. 1994-இல் அதே ஃபியாடரோன் குழு, சராசரி 87 வயதுள்ள 100 பேரை வைத்து இன்னொரு சோதனை செய்தது. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் வலு 113 சதவீதம் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. மாதம் ஆயிரக்கணக்கில் பவுடர் டப்பா வாங்கும் வீடுகளில் இதை நான் தவறாமல் சொல்கிறேன். அதற்காகப் புரதம் தேவையில்லை என்று ஆகாது. எடை கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் வேண்டும். 50 கிலோ எடையென்றால் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. "பல்லு இல்ல, ரசம் சோறு போதும்" என்று மூன்று வேளையும் ஓட்டினால் இருபதைத் தாண்டுவதே கஷ்டம். மசித்த பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டலை அரைத்துச் செய்த அடை என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

ஆச்சி மறுத்தால்? மறுப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "எக்சர்சைஸ்" என்ற பேச்சையே எடுக்காதீர்கள். காபி டம்ளரைக் கையில் கொடுக்காமல் இரண்டடி தள்ளி மேஜையில் வையுங்கள். சாமி படத்துக்கு அவரே எழுந்து பூ வைக்கட்டும். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் மூன்று தடவை எழுந்து உட்காருவது என்று பேரன் பேத்தியோடு போட்டி வையுங்கள். காது மந்தமாக இருந்தால் பக்கத்தில் நின்று சொல்லாமல் எதிரில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள், பார்த்துச் செய்வார். விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் பெரும்பாலும் மறுப்புக்குக் காரணம். ஒரு தடவை தானாக எழுந்துவிட்டால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

உங்கள் அப்பாவிடம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்று இருக்கிறது. அம்மா எழ முயலும்போது ஓடிப்போய்க் கை கொடுக்காமல் பத்து நொடி பொறுத்திருங்கள். பக்கத்தில் நில்லுங்கள், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தூக்காதீர்கள். தன் அம்மா திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்து நொடியில்தான் தொடை வேலை செய்கிறது.

முன்னேற்றம் தெரிய இரண்டு அளவு போதும். கை ஊன்றாமல் எழ முடிகிற கட்டம் வந்த பிறகு, ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 15 நொடிக்கு மேல் போனால் கால் வலு குறைவு என்று அர்த்தம். அடுத்தது, தரையில் 4 மீட்டருக்குச் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள். 5 நொடிக்குள் முடித்தால் நல்ல நடை. இன்றைக்கு ஆச்சிக்குக் கை ஊன்றித்தான் எழ வரும், நடைக்கும் பத்து நொடி ஆகலாம், பரவாயில்லை. எத்தனை தடவை எழுந்தார், எத்தனை நொடி நடந்தார் என்பதைத் தினசரிக் காலண்டரில் இன்றைய தாளின் பின்பக்கம் எழுதிக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து இன்னொரு தாளில் எழுதி, இரண்டையும் ஆச்சியிடமே காட்டுங்கள்.